சிலிண்டருக்கும் ஓர் அங்கணம் வேண்டும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், வேனை வீடு மாதிரி மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள் அடுப்பு வைக்கும்போது கவனமாக இருக்க வேண்டும் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் படித்தபோது, நாலு வரியில் முடிக்கிற காரியம் இல்லை இது என்று தெரிந்தது. அதனால் இந்த முறை முழுவதும் வண்டி கேஸ் பற்றியே. புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் குவைத்தில் 11 வருஷம் கேரவன் பட்டறையில் கேஸ் லைன் வேலை பார்த்தவன். இப்போது பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன்.

அண்ணாச்சி, பழைய டிராவலர் வேன் ஒன்று வாங்கி, சீட்டையெல்லாம் எடுத்துவிட்டு இரண்டு கட்டில், சின்ன அடுப்படி என்று மாற்றியிருக்கிறோம். வீட்டு சிலிண்டரையே அடுப்பு மேடைக்கு அடியில் வைத்திருக்கிறோம். சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகும்போது, பாபநாசத்திலிருந்து மேலே ஏறுகையில் லேசாக கேஸ் வாடை வருகிறது. வண்டியை நிறுத்தினால் வாடை இல்லை. சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. ஏறும்போது மட்டும் ஏன் வருகிறது?
*அம்பாசமுத்திரம் வாசகர்*

தம்பி, முதலில் அந்தச் சிலிண்டரை வண்டியை விட்டு இறக்கி வையுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

ஏறும்போது மட்டும் வாடை வருவதற்குக் காரணம் ஆட்டம். நின்ற வண்டியில் ரெகுலேட்டர் தன் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு சிலிண்டர் ஒரு பக்கம் சாயும், டியூப் இன்னொரு பக்கம் இழுக்கும். சிலிண்டர் வாய்க்குள்ளே சின்ன மோதிரம் மாதிரி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அது தேய்ந்தோ வெடித்தோ இருந்தால், இழுப்பு வரும்போது மட்டும் கேஸை விடும். இழுப்பு நின்றதும் பழையபடி அடைத்துக்கொள்ளும். நீங்கள் வண்டியை ஓரம் கட்டி சோப்புத் தண்ணீர் எடுத்து வருவதற்குள் அது நல்ல பிள்ளையாகிவிடும்.

ஆகவே அசைத்துப் பார்க்க வேண்டும். வண்டிக்கு வெளியே, திறந்த வெளியில் சிலிண்டரை வைத்து ரெகுலேட்டரை மாட்டி ஆன் செய்யுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு ஸ்பூன், அரை டம்ளர் தண்ணீர், ஒரு பழைய பெயின்ட் பிரஷ். ரெகுலேட்டர் சிலிண்டர் வாயில் உட்காருகிற விளிம்பைச் சுற்றித் தடவுங்கள். டியூப் ரெகுலேட்டரில் ஏறுகிற இடம், அடுப்பில் ஏறுகிற இடம் இரண்டிலும் தடவுங்கள். இப்போது டியூபைப் பிடித்து மெல்ல இடதும் வலதுமாக அசைத்து, விளிம்பிலிருந்து கண்ணை எடுக்காமல் பாருங்கள். கசிவு பெரிதாக இருந்தால் நுரை பொங்கும், யாருக்கும் தெரியும். சின்னக் கசிவு அப்படிக் காட்டாது. நெத்திலிக் கண் அளவில் ஒரே ஒரு குமிழி வரும், மெதுவாகப் பருக்கும், உடையும், அதே இடத்தில் இன்னொன்று வரும். ஒரு நிமிடம் பொறுமையாகப் பார்க்காவிட்டால் அது கண்ணில் படாது. தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது.

வளையம்தான் கோளாறு என்றால் நீங்களாகக் குத்தி எடுத்து மாற்றாதீர்கள். ஏஜென்சிக்குச் சொன்னால் ஆள் வந்து பார்ப்பார், இல்லையென்றால் சிலிண்டரையே மாற்றித் தருவார்கள்.

கசிவை அடைப்பது பாதி வேலைதான். சிலிண்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கவலை. நம் வீட்டு கேஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி கீழே இறங்கித் தேங்கும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் அடுப்படி மூலையில் அங்கணம் இருக்கும். எவ்வளவு தண்ணீர் கொட்டினாலும் தூம்பு வழியாக வெளியே போய்விடும். அது மாதிரி சிலிண்டருக்கும் ஓர் அங்கணம் வேண்டும். வீட்டில் கசிந்தால் புறவாசல் வழியாக வடிய இடம் இருக்கிறது. உங்கள் வேன், கதவைச் சாத்தினால் ஒரு தகரப் பெட்டி.

ஒரு கணக்குச் சொல்கிறேன். வேனுக்குள் சுமார் 12 கன மீட்டர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் இந்த கேஸ் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். 12 கன மீட்டருக்கு அந்த 2 பங்கு என்பது ஏறக்குறைய அரைக் கிலோ கேஸ். 14.2 கிலோ சிலிண்டரில் அரைக் கிலோ குறைந்தால் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? அதுவும் வண்டி முழுக்கச் சமமாகக் கலந்தால்தான் அரைக் கிலோ. தரையோடு தேங்கி நின்றால் அதைவிடக் குறைவே போதும். கட்டிலுக்கு அடியில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்திருப்பீர்கள். பொறி வருகிற இடமும் அதே தரைமட்டம்தான்.

குவைத்தில் குளிர்காலம் வந்தால் பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள், கேரவன்களும் நிறைய வரும். ஒரு தடவை ஐரோப்பாவில் கட்டின கேரவன் ஒன்று சர்வீஸுக்கு வந்து ராத்திரி பட்டறையில் நின்றது. சிலிண்டர் பெட்டியின் அடியில் கேஸ் இறங்கிப் போக வலை போட்ட ஓட்டை இருந்தது. மணல் ஏறுகிறது என்று யாரோ அதன் மேல் டேப் ஒட்டி அடைத்துவிட்டார்கள். பெட்டியிலிருந்து உள்ளே குழாய் போகிற இடத்தில், ஓட்டையைச் சுற்றி அடைக்கிற ரப்பர் புஷ்ஷும் கிழிந்திருந்தது. சிலிண்டர் வால்வை யாரும் மூடவில்லை. காலையில் என்னோடு வேலை பார்த்த பையன் உள்ளே ஏறினான். அவனுக்குக் கடுமையான ஜலதோஷம், வாடை தெரியவில்லை. அந்த வண்டியில் ஃபிரிட்ஜும் கேஸில்தான் ஓடும், அதைப் பற்றவைக்கிற பொத்தானை அழுத்தினான். பெரிய சத்தம்கூட இல்லை. தரையோடு தரையாக நீல நிறத்தில் ஓர் அலை ஓடியது. அவனுக்கு இரண்டு காலும் முழங்கால்வரை வெந்துவிட்டது. இடுப்புக்கு மேலே சட்டைகூடக் கருகவில்லை. கேஸ் எந்த உயரத்துக்குத் தேங்கியிருந்தது என்பதை அந்தக் கால்கள் காட்டின. 20 வருஷம் ஆகிறது, இன்றும் ஒரு வண்டியில் ஏறினால் என் கண் முதலில் தரையைத்தான் பார்க்கும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? சிலிண்டருக்குத் தனியாக ஒரு தகரப் பெட்டி கட்டுங்கள். கதவு வண்டிக்கு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உட்பக்கம் ஒரு இடுக்குகூட இல்லாமல் அடைத்திருக்க வேண்டும். அடித்தகட்டில் ஓட்டை போட்டு வலை வையுங்கள். ஐரோப்பாவில் கேரவன் கட்டுகிறவர்கள் பின்பற்றும் விதியில், கீழே மட்டும் காற்றுவழி வைத்தால் அது பெட்டித் தரையின் பரப்பில் நூற்றுக்கு 2 பங்காவது இருக்க வேண்டும், எப்படியும் 100 சதுர சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர், ஒரு முழு உள்ளங்கை அகலம். பாடி கட்டும் பட்டறையில் சொன்னால் "எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு பெரிய ஓட்டை, தூசி ஏறும்" என்பார்கள். ஏறட்டும். அந்த ஓட்டைக்குக் கீழே சைலன்சர் குழாய் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மேலே ரப்பர் பாய் விரித்துவிடாதீர்கள்.

சிலிண்டர் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். மேலே ஒரு பெல்ட், கீழே ஒரு பெல்ட். படுக்கப் போட்டால் உள்ளே இருக்கிற திரவம் ரெகுலேட்டருக்குள் வரும். திரவம் ஆவியானால் சுமார் 250 மடங்கு பெருகும், அடுப்பில் ஆள் உயரத்துக்குத் தீ எழும்பும். பெட்டியிலிருந்து அடுப்புவரை ரப்பர் டியூபை இழுக்காதீர்கள். பிளைவுட்டில் ஓட்டை போட்டு ஆரஞ்சு டியூபை நுழைத்திருக்கும் வண்டிகளைப் பார்க்கிறேன். ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் பிளைவுட் விளிம்பு டியூபை அரம் மாதிரி அறுத்துவிடும். நடுவில் செம்புக் குழாய், நன்றாகக் கிளாம்ப் அடித்து, தகரத்தைத் தாண்டுகிற இடத்தில் ரப்பர் புஷ் போட்டு. இரண்டு நுனியில் மட்டும் குட்டையாக டியூப்.

வேலை முடிந்ததும் பட்டறைக்காரர் சோதித்துக் காட்ட வேண்டும். யூ வடிவக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி லைனில் மாட்டி, அழுத்தம் ஏற்றி, வால்வை மூடிவிட்டு ஐந்து நிமிடம் பார்ப்போம். தண்ணீர் மட்டம் ஒரு நூல் இறங்கினாலும் லைனில் எங்கேயோ கசிவு இருக்கிறது. எல்லா ஜாயின்டையும் மறுபடி பிரிக்கத்தான் வேண்டும். இதைச் செய்து காட்டாமல் வண்டியைக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கடைசியாக, சாவியைத் திருகுமுன் ரெகுலேட்டரைக் கழற்றி, நைலான் கயிற்றில் தொங்கும் அந்த மூடியை சிலிண்டர் வாயில் அழுத்தி மாட்டிவிடுங்கள். ஓடுகிற வண்டியில் கேஸ் லைன் உயிரோடு இருக்கக் கூடாது. பாபநாசம் ரோட்டில் உங்களுக்கு வாடை வந்ததே, இந்த ஒன்றைச் செய்திருந்தால் வந்திருக்காது.

வண்டிக்குள் படுத்திருக்கும்போது ராத்திரி கேஸ் வாடை வந்தால் என்ன செய்வது? லைட்டைப் போட்டுப் பார்க்கலாமா?
*களக்காடு வாசகி*

கூடாது அம்மா. லைட்டைப் போடவும் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. சுவிட்சுக்குள் இரண்டுக்குமே பொறி வரும். செல்போனை வெளியே போய் எடுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து வெளியே நகர்த்தலாம் என்று தோன்றும், அதையும் செய்யாதீர்கள். கதவைத் திறந்து பிள்ளைகளை முதலில் இறக்குங்கள். கைக்கெட்டினால் சிலிண்டரை மூடுங்கள். தரைமட்டத்தில் கேஸ் நிற்கும் என்பதால் ஜன்னல் போதாது, கதவுதான் திறக்க வேண்டும். 20, 30 அடி தள்ளி, காற்று வரும் பக்கமாக நின்றுகொண்டு 1906-க்குப் பேசுங்கள். கேஸ் கசிவுக்கென்றே 24 மணி நேரமும் இருக்கிற எண் அது. வாடை போய்விட்டதே என்று உடனே ஏறிப் படுக்காதீர்கள். மூக்கு பழகிவிட்டால் வாடை இருந்தாலும் தெரியாது.

அண்ணாச்சி, எங்கள் வேனை நாலு மாதம் நிறுத்திவைத்து இப்போது எடுத்தோம். ஒரு பர்னர் மட்டும் மஞ்சளாக எரிகிறது, சட்டியெல்லாம் கரி. ஊசி விட்டுக் குத்தினால் சரியாகும் என்கிறார்கள். இன்னொன்று, ஆடி மாதம் எங்கள் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும். கதவைத் திறந்து சமைத்தால் அடுப்பு அணைந்துவிடுகிறது.
*பணகுடி வாசகி*

தாயி, ஊசியைக் கீழே வையுங்கள். ஜெட் என்பது பர்னருக்குக் கேஸ் வருகிற, பித்தளையில் போட்ட மயிரிழை ஓட்டை. ஊசியால் குத்தினால் அது பெரிதாகிவிடும், பிறகு வேண்டியதற்கு மேல் கேஸ் வந்து இன்னும் மஞ்சளாகத்தான் எரியும்.

தீ மஞ்சளாக இருந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஒரு பங்கு கேஸ் எரிவதற்கு 25, 30 பங்கு காற்று வேண்டும். அந்தக் காற்றில் ஒரு பகுதி, ஜெட்டுக்கு அடுத்து பர்னர் குழாயில் இருக்கிற திறப்பு வழியாக உள்ளே போகிறது. நாலு மாதம் நின்ற வண்டி என்றதும் எனக்குக் குளவிதான் ஞாபகம் வந்தது. நம் ஊரில் கதவு இடுக்கில், பூட்டுத் துவாரத்தில் எல்லாம் மண் வைத்துக் கூடு கட்டுமே, அது பர்னர் குழாயையும் விடாது. போன மாதம் வள்ளியூர் வண்டி ஒன்றில் பர்னரைக் கழற்றித் தட்டினேன். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மண் உருளை விழுந்தது. உடைத்தால் உள்ளே அறை அறையாக, ஒவ்வொன்றிலும் காய்ந்துபோன பச்சைப்புழு. அமெரிக்காவில் இதே வேலையைச் சிலந்தி செய்யும், அங்கே மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்கள் வசந்தகாலத்தில் வண்டியை எடுக்கும்போது முதலில் பர்னர் குழாயில் வலை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: சிலிண்டரை மூடிவிட்டு, பர்னரைக் கழற்றி, பாட்டில் கழுவும் மெல்லிய பிரஷை உள்ளே விட்டு எடுங்கள். ஜெட்டை மெக்கானிக்கிடம் கொடுத்துக் காற்று அடிக்கச் சொல்லுங்கள். அப்படியும் மஞ்சள் போகாவிட்டால் ஜெட்டை மாற்றிவிடலாம், விலை குறைவுதான். இனி வண்டியை நிறுத்தும்போது பர்னர் மேல் ஒரு துணியை இறுக்கிக் கட்டி வையுங்கள், எடுக்கும் நாளில் மறக்காமல் கழற்றுங்கள். சிலிண்டர் பெட்டியின் அடி ஓட்டையை மட்டும் துணி வைத்து அடைக்கக் கூடாது, அதற்கு மெல்லிய கம்பி வலைதான்.

காற்று விஷயம் இன்னும் முக்கியமானது. பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் ஆனி, ஆடியில் ஆளையே தள்ளுகிற காற்று. அடுப்பு அணைந்தது தெரியாமல் நீங்கள் கீழே இறங்கித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தால், குமிழ் திறந்தே இருக்கும், கேஸ் கொட்டிக்கொண்டே இருக்கும். சாதாரண வீட்டு அடுப்பில் அதை நிறுத்த ஏதும் இல்லை. கேரவனுக்கென்று வரும் அடுப்புகளில் பர்னர் பக்கத்தில் சின்னக் கம்பி மாதிரி தெர்மோகப்பிள் நிற்கும். தீ இருக்கும்வரை அது சூடாக இருந்து வால்வைத் திறந்து பிடித்திருக்கும். தீ அணைந்து அது ஆறினதும் வால்வு தானே மூடிக்கொள்ளும். நம் ஊரிலும் அந்த வசதியோடு அடுப்பு கிடைக்கிறது. விலை கூடத்தான், வண்டிக்கு அதைத்தான் வாங்க வேண்டும். அதுவரை, அடுப்பு எரியும்போது பக்கத்தை விட்டு நகராதீர்கள். வண்டியை நிறுத்தும்போதே கதவு காற்று அடிக்காத பக்கம் வருகிற மாதிரி நிறுத்திக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகனோடு மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் சுற்றினோம். ஒரு ராத்திரி தரையோரம் இருந்த அலாரம் விட்டு விட்டுக் கத்தியது. கேஸ் வாடை இல்லை. மகன் அதன் ஒயரைக் கழற்றிவிட்டுப் படுத்துவிட்டான். மேலேயும் ஓர் அலாரம் இருந்தது, அது கத்தவில்லை. அங்கே புரொப்பேன் என்கிறார்களே, நம் கேஸும் அதுவும் ஒன்றா?
*திருநெல்வேலி டவுன் வாசகர்*

ஐயா, அங்கே கொடுப்பது பெரும்பாலும் தனிப் புரொப்பேன். காரணம் குளிர். பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரிவரை ஆவியாகும். பனி கொட்டுகிற ஊரில் அதுதான் எரியும். மோட்டார் ஹோமில் புரொப்பேன் தொட்டியை வண்டியின் அடியிலேயே பொருத்தியிருப்பார்கள், வண்டியைத்தான் நிரப்பும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 100-க்கு 80 பங்குதான் நிரப்புவார்கள். வெயிலில் திரவம் விரிய மீதி இடம் வேண்டும். அடுப்பு மட்டுமல்லாமல் வெந்நீர், ஹீட்டர், சில வண்டிகளில் ஃபிரிட்ஜும் அதில்தான் ஓடும்.

தரையோரம் இருப்பது கேஸ் அலாரம். கேஸ் கீழே தேங்கும் என்பதால் கீழே. மேலே இருப்பது கார்பன் மோனாக்சைடு அலாரம், அதைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன். சீரான இடைவெளியில் ஒற்றைச் சத்தம் வந்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது அலாரத்தின் ஆயுள் முடிந்திருக்கும். அதற்குள் இருக்கும் உணரி சுமார் 5 முதல் 7 வருஷம்தான் உழைக்கும். தயாரித்த தேதி பின்பக்கம் இருக்கும். ஹேர் ஸ்பிரே அடித்தாலும் சில நேரம் கத்தும்.

ஆனால் தம்பி செய்தது தப்பு. வாடை இல்லை என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. கட்டிலில் படுத்திருப்பவர் மூக்கு இருக்கிற உயரம் வேறு, கேஸ் நிற்கிற உயரம் வேறு. எதற்குக் கத்தினாலும் முதலில் எல்லாரும் வெளியே, தொட்டி வால்வை மூடு, கதவைத் திற. அதன் பிறகு அலாரத்தில் என்ன விளக்கு எரிகிறது என்று பாருங்கள். பெட்ரோல் பங்க்குக்குள் நுழையுமுன் ஃபிரிட்ஜ், வெந்நீர் எல்லாவற்றிலும் தீயை அணைத்துவிட வேண்டும் என்பதையும் மகனிடம் சொல்லி வையுங்கள். ஓட்டிக்கொண்டே வந்தால் உள்ளே தீ எரிகிறதே மறந்துபோகும்.

டிசம்பரில் வேனில் கொடைக்கானல் போனோம். ராத்திரி குளிர் தாங்கவில்லை. ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு அடுப்பைச் சிம்மில் எரியவிட்டுப் படுத்தோம். நன்றாகக் கதகதப்பாக இருந்தது. காலையில் எல்லாருக்கும் தலைவலி, சின்னவள் வாந்தி எடுத்தாள். மலை ஏறினதால் என்று நினைத்தோம். இந்த வருஷமும் போகிறோம், ஹீட்டர் வாங்க வேண்டுமா, அடுப்பே போதுமா?
*பெருமாள்புரம் வாசகி*

அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அது மலைக் காய்ச்சலும் இல்லை, பயணக் களைப்பும் இல்லை. நீங்கள் எல்லாரும் அன்று கார்பன் மோனாக்சைடைச் சுவாசித்திருக்கிறீர்கள். இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே எரிந்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

கேஸ் எரிய ஆக்ஸிஜன் வேண்டும். மூடின வண்டிக்குள் அடுப்பும் அதையே இழுக்கிறது, நீங்களும் அதையே இழுக்கிறீர்கள். ஆக்ஸிஜன் குறையக் குறைய, நீலமாக எரிந்துகொண்டிருந்த அடுப்புகூட அரைகுறையாக எரியத் தொடங்கும். அதிலிருந்து வருவதுதான் இந்தக் கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாடை இல்லை, கண் எரிச்சல்கூட இல்லை. கேஸ் கசிந்தால் வாடை வருவதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற மருந்தைக் கலக்கிறார்கள். அது எரிந்து போய்விடும், எரிந்த பிறகு வருகிற விஷத்துக்கு எந்த அடையாளமும் கிடையாது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒட்டுகிற இடத்தில் இது 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம். தூங்குகிறவருக்கு அந்தத் தலைவலிகூடத் தெரியாது. சின்ன உடம்பு என்பதால் பிள்ளைகளை முதலில் பிடிக்கும். உங்கள் சின்னவள் வாந்தி எடுத்தாளே, அது அதுதான்.

வண்டிக்குள் அடுப்பு சமைக்க மட்டும். சமைக்கும்போதும் மேலே ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு திறந்திருக்க வேண்டும். கரி அடுப்பை உள்ளே கொண்டுவரவே கூடாது. மலை ஊர்களில் கரி மூட்டி அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் விடியாமலே போன செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. ஜெனரேட்டரை ஜன்னலுக்குக் கீழே ஓடவிட்டாலும் இதே கதைதான். வெளிநாட்டு மோட்டார் ஹோம்களில் இருக்கும் ஹீட்டர் வேறு மாதிரி: அது எரிகிற அறை அடைத்திருக்கும், காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையை வெளியிலேயே விடும். அப்படிப்பட்டது பொருத்த முடிந்தால் பொருத்துங்கள். இல்லையென்றால் இரண்டு கம்பளி கூட எடுத்துப் போங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இப்போதே வாங்கி, படுக்கை உயரத்துக்கு மேலே மாட்டுங்கள். என் பேச்சைக் கேட்டு வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

கோவிட் வந்துபோனதிலிருந்து எனக்கு வாடையே தெரியவில்லை. மகன் வேன் வாங்கியிருக்கிறான், நானும் கூடப் போய்ச் சமைக்கிறேன். பயமாக இருக்கிறது.
*மேலப்பாளையம் வாசகி*

பயப்பட வேண்டாம் அம்மா, ஆனால் மூக்கு இல்லாத இடத்தில் கருவி வேண்டும். கேஸ் அலாரம் ஒன்றை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அடுப்புக்கு அருகே மாட்டச் சொல்லுங்கள். அடுப்பைப் பற்றவைக்கும் வேலையை வாடை தெரிகிற ஒருவரிடம் விடுங்கள். குழம்பு வைப்பதை நீங்களே செய்யலாம். நான் சொன்ன குவைத் பையனுக்கு அன்று ஒரு நாள் ஜலதோஷம்தான். உங்களுக்குத் தினமும் அந்த நிலைமை என்பதை மகன் புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பக்கத்தை அவனிடம் காட்டுங்கள்.

சிலிண்டர் கழுத்தில் 'பி 27' என்று போட்டிருக்கிறது. என்ன அர்த்தம்? டியூபை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?
*சேரன்மகாதேவி வாசகர்*

அந்தச் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய காலம். ஏ என்றால் மார்ச் முடிய, பி ஜூன் முடிய, சி செப்டம்பர் முடிய, டி டிசம்பர் முடிய. உங்களுடையது 2027 ஜூன்வரை செல்லும். தேதி தாண்டினதைக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஆரஞ்சு சுரக்ஷா டியூப் வீட்டுக்கு 5 வருஷம். வண்டியில் வெயிலும் ஆட்டமும் சேர்வதால் நான் 2 வருஷத்தில் மாற்றச் சொல்வேன். இது என் அனுபவக் கணக்கு, விதி இல்லை.

வேனை கேரவனாக மாற்றி வாடகைக்கு விடலாம் என்று இருக்கிறேன். குற்றாலம் சீசனுக்கு நல்ல கிராக்கி. வீட்டு சிலிண்டர் வைக்கலாமா? ரயிலில் வருகிறவர்கள் தங்கள் சின்ன சிலிண்டரையே கொண்டுவரச் சொல்லலாமா?
*தென்காசி வாசகர்*

இரண்டுக்கும் கூடாது என்பதுதான் பதில். வீட்டு உபயோக சிலிண்டரைத் தொழிலுக்கு வைப்பது சட்டப்படி குற்றம், அதற்கென்று வணிக சிலிண்டர் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு என்றால் 5 கிலோ சிலிண்டர் அடையாள அட்டை காட்டி வாங்கலாம், வேனுக்கு அது தோதான அளவு. பெரியதிலிருந்து சின்னதுக்கு மாற்றி நிரப்பித் தரும் கடைகள் பக்கம் போகாதீர்கள். எவ்வளவு நிரப்புகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது, விரிய இடமில்லாமல் முட்ட முட்ட நிரப்பிவிட்டால் வெயிலில் என்ன ஆகும் என்பதை யோசியுங்கள். வண்டியை மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் இருப்பதிலிருந்து வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் பட்டறைக்குப் போங்கள்.

ரயிலைப் பற்றிக் கேட்டதால் இதைச் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை, மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள். விதியை மீறி ஏற்றிவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. அந்தப் பெட்டியை நாகர்கோவிலில் வைத்துத்தான் புனலூர்–மதுரை ரயிலில் இணைத்தார்கள். அதாவது அந்தச் சிலிண்டர் முந்தின ராத்திரி நம் திருநெல்வேலி ஜங்ஷனைத் தாண்டிப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு ஜங்ஷனில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வராமல் இருந்ததில்லை.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்கு வேனில் போய் இரண்டு நாள் தங்குவோம். நடுவில் கேஸ் தீர்ந்துவிட்டால் சிரமம். சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆட்டிப் பார்த்தால் தெரியுமா?
*நாங்குநேரி வாசகர்*

ஆட்ட வேண்டாம் அண்ணாச்சி. ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சிலிண்டரின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை பட்டையாகத் துடையுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மேல் பகுதி காய்ந்திருக்கும், கீழே ஈரம் நிற்கும். திரவம் இருக்கிற இடம் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் அங்கே ஈரம் சீக்கிரம் காயாது. காய்ந்ததும் ஈரமும் சந்திக்கிற கோடுதான் உள்ளே கேஸ் நிற்கிற மட்டம். சமைத்து முடித்த கையோடு பார்த்தால் கோடு இன்னும் தெளிவாகத் தெரியும்.

துல்லியமாக வேண்டுமென்றால் எடை போடுங்கள். சிலிண்டரின் மேல்வளையத்துப் பட்டையில் வெற்று எடை போட்டிருக்கும். அதில் 15.6 என்று இருந்து, தராசு 19.8 காட்டினால் உள்ளே 4.2 கிலோ இருக்கிறது. பத்துப் பேருக்கு இரண்டு நாள் பொங்கல், குழம்பு, காபி எல்லாவற்றுக்கும் அது தாராளம். 17-க்குக் கீழே காட்டினால் மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.